பிலேயாமோட கழுதை வாயைக் கட்டாதீங்க: சபை கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

சபை கமிட்டி ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும், போதகர் ஐயாவுக்கும் ஸ்தோத்திரம்.

ஞாயிறு பள்ளி டீச்சர்ஸுக்கு நீங்க அனுப்பின சர்குலர் கிடைச்சுது. இனிமே பிள்ளைங்க போடற வேதாகம நாடகத்துல காமெடி கூடாது, வசனம் மொத்தத்தையும் முன்னாடியே எழுதிக் குடுத்து ஓகே வாங்கணும், ரெண்டே விஷயம். ஆறாவது ஏழாவது எட்டாவது படிக்கிற பசங்க கிளாஸ எடுக்கறது நான்தான், போன தடவை பிலேயாமும் கழுதையும் ஸ்கிட் போட்டதும் எங்க கிளாஸ்தான், அதனால அது யாருக்கு வந்த சர்குலர்னு எனக்குப் புரியாம இல்ல. நேர்ல வந்தே பேசியிருக்கலாம். ஆனா இந்தப் பேச்சு எங்க சபையில மட்டும் நடக்கறது இல்ல, இந்த வயசுப் பசங்கள வச்சு நாடகம் போடற டீச்சர்ஸ் யாரைக் கேட்டாலும் "வேதத்த விளையாட்டாக்கறீங்க"ன்னு ஒரு பெரியவராவது சொல்லியிருப்பாரு, அதனால எல்லாரும் படிக்கற மாதிரியே எழுதிடறேன்.

முதல்ல உங்க பக்கம் நியாயம் எங்க இருக்குன்னு சொல்லிடறேன். காமெடின்னு சொல்லிட்டு தாவீது கையில கவண குடுத்து சினிமா பன்ச் டயலாக் பேச வைக்கறது, கோலியாத் ஏதோ ஒரு ஹீரோ மாதிரி ஸ்லோமோஷன்ல நடந்து வர்றது, டிவி காமெடியன் குரல்ல பார்வோன் பேசறது, இதெல்லாம் எனக்கும் பிடிக்காது. பயபக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், அது சோம்பேறித்தனம். ஜனங்க சிரிப்பாங்க, ஆனா அந்த சினிமாவ நினைச்சு சிரிப்பாங்க, தாவீது கதைக்கும் அந்த சிரிப்புக்கும் சம்பந்தமே இருக்காது, அதே டயலாக்க எந்தக் கதையில வேணா செருகலாம். இதத்தான் வேண்டாம்னு சொல்றீங்கன்னா நான் உங்க கூடதான் நிக்கறேன். ஆனா நீங்க எழுதியிருக்கறது "காமெடி கூடாது"ன்னு. அப்படிப் பார்த்தா எண்ணாகமம் 22ஆம் அதிகாரத்தையே நாங்க நடிக்க முடியாது, ஏன்னா அங்க காமெடிய வச்சது நாங்க இல்ல.

அந்த அதிகாரத்த இன்னொரு தடவை எடுத்துப் பாருங்களேன். பிலேயாம் யாரு? மத்தவங்க கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் தனக்குத் தெரியும்னு பேர் எடுத்தவன், இஸ்ரவேல் ஜனங்கள சபிச்சா காசு தர்றேன்னு மோவாப் ராஜா பாலாக் ஆள் அனுப்பி கூட்டிட்டு வரச் சொல்ற அளவுக்குப் பெரிய ஆளு. அவன் போற வழியில கர்த்தருடைய தூதன் உருவின பட்டயத்தோட நிக்கறார், அது கழுதைக்குத் தெரியுது, இவனுக்குத் தெரியல. முதல் தடவை கழுதை வயல்ல இறங்கி ஓடுது, அடி. ரெண்டாவது தடவை ரெண்டு பக்கமும் சுவர் இருக்கற சந்துல ஒதுங்கி அவன் கால சுவரோட நெருக்குது, அடி. மூணாவது தடவை ஒதுங்கவே இடமில்ல, அப்படியே படுத்துடுது, திரும்பவும் அடி. அப்பதான் கழுதை வாயத் திறந்து "நான் உமக்கு என்ன செய்தேன்"ன்னு கேக்குது. கழுதை பேசுதேன்னு அவன் ஒரு செகண்ட் கூட திகைக்கல, நேரா சண்டைக்குப் போறான்! "என் கையில் ஒரு பட்டயம் மாத்திரம் இருந்தால், இப்பொழுதே உன்னைக் கொன்றுபோடுவேன்"ங்கறான், எதிர்ல ஒருத்தர் பட்டயத்த உருவிட்டுதான் நிக்கறார், அது அவனுக்கே தெரியல. அப்புறம் கழுதை ரொம்ப மரியாதையா, இத்தன நாளா நீர் ஏறி வந்த கழுதை நான்தானே, எப்பவாவது இப்படி செஞ்சிருக்கேனான்னு கேக்க, அந்தப் பெரிய தீர்க்கதரிசி சொல்ற பதில் ஒரே வார்த்தை: "இல்லை."

இத சிரிப்பில்லாம நடிங்கன்னு சொன்னா எப்படி நடிக்கறது? நிஜமாத்தான் கேக்கறேன். முகத்த உர்ருன்னு வச்சுக்கிட்டு கழுதையோட வாக்குவாதம் பண்ற சீன, பயபக்தியா நடிச்சுக் காட்ட உங்கள்ல யாராவது முன்வந்தா நான் கத்துக்கறேன்.

போன தடவை ஒத்திகையில நடந்தத சொல்றேன், மேடையில பார்த்தவங்களுக்கு இது தெரிய வாய்ப்பில்ல. நான் ஸ்கிரிப்ட் எழுதிட்டு வரல. அதிகாரத்த பசங்களயே ஆளுக்கு ரெண்டு வசனமா வாசிக்க வச்சேன், வாசிச்சு முடிச்சதும் ஒரு பையன் "டீச்சர், கழுதை பேசுது, இவன் ஏன் ஷாக் ஆகல?"ன்னு கேட்டான். அந்தக் கேள்விய வேதாகமக் கல்லூரியில படிக்கறவங்களும் கேப்பாங்க. அதுக்கு பசங்க ஆளுக்கொரு பதில் சொன்னாங்க, அவன் ஏற்கனவே செம கோவத்துல இருந்தான்னு ஒருத்தன், ராஜா குடுக்கப்போற காசு மேலயே அவன் நினைப்பு இருந்துச்சுன்னு ஒருத்தி. ரெண்டுமே நல்ல பதில், அந்த ரெண்டாவது பதில்தான் அப்புறம் எங்க ஸ்கிட்டுக்கே முதுகெலும்பாச்சு. பிலேயாமா நடிச்ச பையன் கடைசி வரைக்கும் கையில ஒரு பைய இறுக்கிப் பிடிச்சிட்டே இருந்தான், கழுதை பேசும்போது கூட அவன் பார்வை பை மேலதான். அத யாரும் அவனுக்குச் சொல்லிக் குடுக்கல.

தூதனா நின்னவன் கதைதான் எனக்கு இன்னும் பிடிச்சது. அவனுக்கு ரொம்ப நேரம் வேலையே இல்ல, வாள நீட்டிட்டு நிக்கணும், அவ்வளவுதான். முதல் ஒத்திகையில அவன் கொட்டாவி விட்டான், எல்லாரும் சிரிச்சாங்க, அடுத்த தடவை வாச்ச பார்க்கற மாதிரி பண்ணான், அதுக்கும் சிரிச்சாங்க. அப்புறம் ஒரு பொண்ணுதான் சொன்னா, தூதன் ஜோக் அடிச்சா பிலேயாம் மேல வர்ற சிரிப்பு போயிடுது, அவன் அசையாம சீரியஸா நின்னாதான் கழுதை படற பாடு சிரிப்பா இருக்குன்னு. ட்ரை பண்ணிப் பார்த்தோம், அவ சொன்னது நூத்துக்கு நூறு சரி. நாடகம் போடறவங்களுக்குத் தெரியும், மேடையில ஒருத்தராவது சிரிக்காம இருந்தாதான் காமெடி நிக்கும். அந்தப் பொண்ணுக்கு வயசு 12. கர்த்தருடைய தூதன வச்சு ஜோக் அடிக்கக் கூடாதுன்னு நான் ரூல் போட்டிருந்தா அவங்க கேட்டிருப்பாங்க, ஆனா ஏன்னு புரிஞ்சிருக்காது, இப்ப புரிஞ்சு கேட்டாங்க.

(அடிக்கற சீன் பத்தி ஒரு அம்மா கவலைப்பட்டாங்க. பேப்பர சுருட்டித்தான் அடிச்சோம், அடி விழுந்தது தரையில, சத்தம் குடுத்தது ஓரத்துல நின்ன ரெண்டு பசங்க. கழுதைக்கு ஒரு கீறல் கூட இல்ல.)

இந்த வயசப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். 11ல இருந்து 14 வரைக்கும் இருக்கற பசங்க ஒரு தனி உலகம். சின்னப் பசங்க ஆட்டுக்குட்டி வேஷம் போட்டா சந்தோஷமா கத்துவாங்க, யூத் பசங்களுக்கு ஓரளவு தைரியம் வந்திருக்கும், நடுவுல இருக்கற இவங்களுக்குத்தான் எல்லாமே வெக்கம். குரல் உடையுது, கை கால் நீண்டு போச்சு எங்க வைக்கறதுன்னு தெரியல, பையன் பக்கத்துல பொண்ணு நின்னா கிண்டல், எல்லாரும் தன்னையே பார்க்கறாங்கன்னு ஒரு பயம். இவங்கள மேடையேத்தி உருக்கமா ஒரு ஜெபம் பண்ணுன்னு சொன்னா தலையக் குனிஞ்சு முணுமுணுத்துட்டு இறங்கிடுவாங்க. ஆனா சிரிக்க வைக்கற வேலையக் குடுத்தா கதையே வேற, ஏன்னா ஜனங்க சிரிச்சா அது தன்னைப் பார்த்து இல்ல, தான் பண்ணதப் பார்த்துன்னு அவங்களுக்கே தெரியுது.

அது மட்டுமில்ல, இவங்க இந்தக் கதைகள மூணு வயசுல இருந்து கேட்டுட்டு வர்றாங்க. யோனாவா, மீன், தெரியும். நோவாவா, பேழை, தெரியும். தெரியும்னு நினைக்கறதாலயே வாசிக்க மாட்டாங்க. பயபக்தியான நாடகம்னு நாம வழக்கமா போடறது என்ன? பெட்ஷீட்ட போர்த்திட்டு வரிசையா வந்து, மைக் முன்னாடி மனப்பாடம் பண்ண வரிய ஒப்பிச்சிட்டு, வந்த வழியே போறது. அதுல நடிக்கற யாரும் அந்த அதிகாரத்த முழுசா வாசிச்சதா நான் பார்த்ததில்ல, அவங்கவங்க வரி போதும். காமெடிக்கு அது பத்தாது, எங்க சிரிப்பு வருதுன்னு கண்டுபிடிக்கணும்னா முன்ன பின்ன வாசிச்சே ஆகணும்.

அப்போஸ்தலர் 12 எடுத்துக்கங்க. பேதுரு ஜெயில்ல, காவலுக்கு நாலு நாலு பேரா நாலு செட் சேவகர், ஆக 16 பேர், ரெண்டு சங்கிலி. சபை ஒரு வீட்டுல கூடி அவருக்காக ஊக்கமா ஜெபம் பண்ணுது. தூதன் வந்து வெளிய கூட்டிட்டு வந்துடறார், இரும்புக் கதவு தானா திறக்குது. ஆனா அந்த ஜெபக்கூட்டம் நடக்கற வீட்டுக் கதவு மட்டும் திறக்கல! ரோதைங்கற பொண்ணு குரலக் கேட்டு சந்தோஷத்துல கதவத் திறக்காமலே உள்ள ஓடிடறா, பேதுரு வந்திருக்கார்னு சொன்னா, "நீ பிதற்றுகிறாய்"னு சொல்றாங்க, அப்புறம் அது அவரோட தூதனா இருக்கும்ங்கறாங்க. எதுக்காக ஜெபம் பண்ணிட்டிருக்காங்களோ அது வாசல்ல நின்னு தட்டிட்டே இருக்கு. இத எங்க பசங்க நடிச்சுப் பார்த்தப்ப ஒருத்தன் ஜெபம் பண்றவங்க கூட்டத்துல இருந்து எழுந்து "கொஞ்சம் சத்தம் போடாம இரும்மா, பேதுரு வெளிய வரணும்னு ஜெபம் பண்ணிட்டிருக்கோம்ல"ன்னான், நான் கேட்டதுலயே நல்ல வசன வியாக்கியானம் அதுதான். அது வேதத்துல இல்லாத வரிதான், ஆனா வேதத்துல இருக்கற சங்கதி. நான் பசங்ககிட்ட வைக்கற ஒரே சோதனை இதுதான், நீ சேர்க்கற ஜோக்குக்கு அதிகாரத்துல வேர் இருக்கா, இருந்தா விரலால தொட்டுக் காட்டு.

காமெடி சேர்ந்தா பயபக்தி போயிடும்ங்கறதும் ரொம்பப் பழைய பயம்தான், ஆனா அதவிடப் பழசு காமெடி. யூதர்கள் பூரீம் பண்டிகையில எஸ்தர் புஸ்தகத்த முழுசா வாசிப்பாங்க, யூதர்கள அழிக்கப் பார்த்த மந்திரி ஆமான் பேர் வரும்போதெல்லாம் கத்தி, கால தட்டி, கிலுகிலுப்பைய சுத்தி அந்தப் பேரே காதுல விழாம பண்ணுவாங்க, அந்தப் பண்டிகைக்குன்னே சிரிப்பு நாடகம் போடற வழக்கமும் நூத்துக்கணக்கான வருஷமா இருக்கு. வேதத்த அவங்களவிட கவனமா காப்பாத்தினவங்க யாரு? அதே ஜனங்க வருஷத்துலயே ரொம்ப பாரமான உபவாச நாளான யோம் கிப்பூர் அன்னைக்கு மத்தியானத்துல வாசிக்கறது யோனா புஸ்தகம், அதுல எவ்வளவு வேடிக்கை இருக்குன்னு கடைசியில சொல்றேன். கிறிஸ்தவ சபை பக்கம் வந்தாலும் இங்கிலாந்துல யார்க், செஸ்டர் மாதிரி ஊர்கள்ல 14ஆம் நூற்றாண்டுல இருந்து 16ஆம் நூற்றாண்டு வரைக்கும் தொழில் செய்யறவங்க சங்கங்கள் தெருவுல வண்டி மேல வேதாகம நாடகம் போட்டாங்க, யார்க்ல பேழை கட்டற நாடகத்த போட்டது கப்பல் கட்டறவங்க, பொருத்தம் பாருங்க. அந்த நாடகங்கள்ல நோவாவோட மனைவி பேழைக்குள்ள வரமாட்டேன்னு அடம் பிடிச்சு சண்டை போடுவா, ஜனங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க.

அந்தக் கடைசி ஜோக்க மட்டும் நான் எடுக்க மாட்டேன். ஆதியாகமத்துல நோவாவோட மனைவிக்கு ஒரு வசனம் கூட கிடையாது, வாயே திறக்காத அம்மாவ வாயாடியாக்கி சிரிக்கறதுக்கு வேர் எங்க இருக்கு? அதோட எங்க கிளாஸ்ல பாதிப்பேர் பொண்ணுங்க, அவங்க உக்காந்து பார்த்துட்டு இருக்காங்க. அதே காரணத்துக்காக மீசை முளைக்கற பையனுக்கு பொம்பள வேஷம் போட்டு நெளிய விட்டு சிரிப்பு வாங்கறதும் எங்ககிட்ட கிடையாது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயமே இங்கதான் இருக்கு. காமெடி வேணுமா வேண்டாமான்னு கமிட்டி உக்காந்து பேசறத விட்டுட்டு யாரப் பார்த்து சிரிக்கறோம்னு கேளுங்க. ஒவ்வொரு கதையிலயும் சிரிப்பு எந்தப் பக்கம் போகணும்னு அந்தக் கதையே சொல்லுது. பிலேயாமப் பார்த்து சிரிக்கணும், கழுதையப் பார்த்து இல்ல. ஆமானப் பார்த்து சிரிக்கணும்: ராஜா யாரையோ கனம் பண்ணணும்னு சொன்னதும் அது என்னைத் தவிர வேற யாரா இருக்கும்னு நினைச்சு ராஜ வஸ்திரம், ராஜா ஏறின குதிரைன்னு அவனே லிஸ்ட் போட்டுக் குடுத்துட்டு, அத்தனையும் தனக்கு ஆகவே ஆகாத யூதன் மொர்தெகாய்க்குன்னு தெரிஞ்சதும் அவனே குதிரையப் பிடிச்சிட்டுத் தெருத்தெருவா கூவிட்டுப் போறான். மேல உக்காந்திருக்கறவன் கீழ இறங்கும்போது வர்ற சிரிப்பு அது.

அதுவே சகேயு கதையில எப்படி தப்பாப் போகுதுன்னு நிறைய சபைகள்ல பார்த்திருக்கேன். கிளாஸ்லயே குள்ளமா இருக்கற பையனத் தேடிப் பிடிச்சு சகேயு ஆக்கிடுவாங்க, அவன் வந்து நின்னதுமே சிரிப்பு, அவன் ஸ்கூல்ல தினமும் கேக்கற அதே சிரிப்பு, இப்ப சபையிலயும். லூக்கா 19ல சிரிப்பு அவன் உயரத்துல இல்லவே இல்ல. அவன் வரி வசூல் பண்ற ஆயக்காரருக்குத் தலைவன், பணக்காரன், அந்த ஆளு கூட்டத்துல இயேசுவப் பார்க்க முடியலன்னு நல்ல துணி போட்டுக்கிட்டு பட்டப்பகல்ல காட்டத்தி மரத்துல தொத்திட்டு இருக்கான், அதுதான் சிரிப்பு. நாங்க போட்டா கிளாஸ்லயே உயரமான பையனத்தான் போடுவோம், முன்னாடி நிக்கற ஜனங்க ஸ்டூல் மேல நிப்பாங்க. மோசே தனக்கு திக்குவாய்னு சொல்ற இடத்துல யாரும் திக்கிப் பேசிக் காட்டக் கூடாதுங்கறதும் இதே ரூல்தான். வில்லன்னா மூஞ்சில கரியப் பூசறது, குண்டா இருக்கறவன்னா வயித்துல தலகாணி கட்டறது, இதுக்கும் எங்ககிட்ட இடமில்ல. நியாயாதிபதிகள் 3ல ரொம்ப குண்டான எக்லோன் ராஜா கதைய வேணும்னு பசங்க வருஷா வருஷம் கேப்பாங்க, ஏன் கேப்பாங்கன்னு வாசிச்சவங்களுக்குத் தெரியும், நான் முடியாதுன்னு சொல்லுவேன். எலிசா தீர்க்கதரிசிய மொட்டைத்தலையான்னு கிண்டல் பண்ண 42 பேர கரடி பீறிப்போட்ட கதையும் அப்படித்தான், அதுக்கும் வருஷம் தவறாம விண்ணப்பம் வரும், கரடியா வர்றதுக்கு மட்டும் ஏழெட்டு பேர் ரெடி.

எலியா தீர்க்கதரிசி கதை கொஞ்சம் கஷ்டமான கேஸ். கர்மேல் மலையில பாகால்ங்கற சாமியோட தீர்க்கதரிசிங்க 450 பேர் காலையில இருந்து அந்தச் சாமியக் கூப்பிட்டு கத்திட்டு இருக்காங்க, மத்தியானத்துல எலியா, சத்தமா கூப்பிடுங்க, அவன் தியானத்துல இருப்பான், பிரயாணம் போயிருப்பான், "தூங்கினாலும் தூங்குவான்"னு பரியாசம் பண்றார். வேதத்துலயே அப்பட்டமான கிண்டல் இதுதான், நியாயப்படி எங்களுக்கு அல்வா மாதிரி கிடைச்ச சீன். ஆனாலும் நான் அத ஸ்கிட்டா போட மாட்டேன், ஏன்னா 12 வயசுப் பையனுக்கு பாகாலத் தெரியாது, பக்கத்து பெஞ்சுல உக்காந்திருக்கற வேற மதத்து ஃப்ரெண்டத்தான் தெரியும், மேடையில அடிச்ச ஜோக்க திங்கக்கிழமை ஸ்கூல்ல அவன்கிட்ட அடிப்பான். எலியா அப்படிப் பேசினது தன் உயிரத் தேடற ராஜாவுக்கு முன்னாடி தனியாளா நின்னு. கூட்டமா உக்காந்துகிட்டு அடுத்தவங்க சாமியக் கிண்டல் பண்றது அதே காரியம் இல்ல. பாருங்க, காமெடி போடற நான்தான் உங்களவிட நிறைய தடை வச்சிருக்கேன்.

இயேசுவ எப்படிக் காட்டுவீங்கன்னு ஒரு மூப்பர் ஐயா கேட்டிருந்தாரு. அவர வச்சு நாங்க காமெடி பண்றதில்ல, அவர் பேசற இடம் வந்தா ஒருத்தர் வசனத்த அப்படியே வாசிப்பாங்க, ஒரு எழுத்து மாத்தாம. பாடுகளும் சிலுவையும் எங்க லிஸ்ட்லயே கிடையாது. ஆனா அவர் சொன்ன உவமைகள்ல சிரிப்பு இருந்தா அத மறைக்கவும் மாட்டோம். கொசு விழுந்துடக் கூடாதுன்னு வடிகட்டி ஒட்டகத்த முழுங்கறவங்கன்னு சொன்னது அவர்தான். தன் கண்ணுல உத்திரத்த வச்சுக்கிட்டு அடுத்தவன் கண்ணுல இருக்கற துரும்ப எடுக்க வர்றவன் கதையும் அவர் சொன்னதுதான். அத நாங்க ஒரு தடவை நடிச்சோம், நீளமான அட்டைக் குழாய கண்ணுல பிடிச்சிட்டு ஒரு பையன் "இரு இரு உன் கண்ணுல ஏதோ தூசி"ன்னு சொல்லிட்டே திரும்புவான், அவன் திரும்பற பக்கமெல்லாம் ஆட்கள் குனிவாங்க, குழாய் இடிச்சு வரிசையா விழுவாங்க, அவனுக்கு மட்டும் எதுவுமே தெரியாது. மொத்தம் மூணு நிமிஷம். வசனமே தேவைப்படல.

இப்ப அந்த ரெண்டாவது விஷயம், முன்னாடியே ஸ்கிரிப்ட் குடுக்கறது. குடுக்கக் கூடாதுன்னு இல்ல, குடுக்க என்கிட்ட இருக்காது. பசங்க வாசிச்சு, எழுந்து நடிச்சுப் பார்த்து, எது நின்னுச்சோ அத எழுதி, எழுதினதுல பாதிய வெட்டித்தான் எங்க ஸ்கிரிப்ட் வருது, கடைசி ஒத்திகை வரைக்கும் மாறும். பேப்பர்ல படிச்சா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், "பிலேயாம் கழுதையப் பார்க்கறான், கழுதை பிலேயாமப் பார்க்குது, ரெண்டு பேரும் தூதன் நிக்கற பக்கம் பார்க்கறாங்க"ன்னு எழுதினத படிச்சிட்டு உங்களுக்கு என்ன தெரியும்? அதுக்கு பதிலா ஒத்திகைக்கு வாங்க. யாராவது ரெண்டு பேர், முதல் ஒத்திகைக்கும் கடைசி ஒத்திகைக்கும். ஒரு வரி உங்களுக்கு உறுத்துச்சுன்னா அங்கயே கைய தூக்குங்க, பசங்ககிட்டயே கேளுங்க, இது எந்த வசனத்துல இருந்து வந்துச்சுன்னு. பதில் சொல்ல முடியலன்னா அந்த வரி போயிடும், நானே வெட்டறேன். பலிபீடத்துக்கு முன்னாடி நாடகம் வேண்டாம்னு நினைக்கறவங்க இருக்காங்கன்னு தெரியும், அதுல எனக்குச் சண்டை இல்ல, ஹால்லயே வச்சுக்கலாம், சொல்லப்போனா ஹால்ல ஜனங்க கிட்ட உக்காருவாங்க, எங்களுக்கு அதான் வசதி.

கேக்கற நேரத்துல இன்னும் கொஞ்சம் கேட்டுடறேன். ஸ்கிட் முடிஞ்ச உடனே யாராவது மேடையேறி மைக்க வாங்கி, பிள்ளைகள் நமக்கு இன்னைக்கு கற்றுக்கொடுத்த பாடம் என்னவென்றால்னு ஆரம்பிக்காதீங்க, தயவு செஞ்சு. பிலேயாம் "இல்லை"ன்னு சொன்னப்ப ஹால்ல வந்த சிரிப்புலயே எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தாச்சு, அதுக்கு மேல விளக்கினா ஜோக்க விளக்கற மாதிரிதான். கிளாஸுக்கு கிளாஸ் போட்டி வச்சு பரிசு குடுக்கறதும் வேண்டாம், பரிசுன்னு வந்தாலே நல்லா பேசற நாலு பேருக்கு மட்டும் ரோல் குடுத்து மத்தவங்கள மரமாவும் கல்லாவும் நிக்க வைக்க டீச்சர்ஸுக்கே கை போகும். எங்க கிளாஸ்ல மேடையேற விருப்பமில்லாதவங்களுக்கு சத்தம் குடுக்கற வேலை, திரை இழுக்கற வேலை, வசனம் வாசிக்கற வேலைன்னு இருக்கு, அதுவும் ரோல்தான். மைக் ஒண்ண கையில குடுத்து ஆளாளுக்கு மாத்திக்கச் சொன்னா எந்த காமெடியும் செத்துடும், ஒண்ணு மேடைக்கு முன்னாடி ஸ்டாண்டுல ரெண்டு மைக் வைங்க, இல்லன்னா மைக்கே இல்லாம சின்ன ஹால் குடுங்க, பசங்க கத்தட்டும். வீடியோ விஷயத்துல மட்டும் கொஞ்சம் கண்டிப்பா இருங்கன்னு நானே உங்களக் கேக்கறேன். அப்பா அம்மாகிட்டயும் அந்தப் பிள்ளைகிட்டயும் கேக்காம யாரும் எடுத்து க்ரூப்ல போடக் கூடாது, கழுதையா நடிச்ச பத்து செகண்ட வெட்டி ஸ்கூல்ல யாராவது ஸ்டிக்கர் ஆக்கினா அந்தப் பிள்ளை அப்புறம் மேடைப் பக்கமே வராது. சர்குலர்ல இதப் பத்தி ஒரு வரி இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன்.

இந்தத் தடவை யோனா எடுக்கலாம்னு பசங்க ஓட்டுப் போட்டு முடிவு பண்ணியிருக்காங்க, மீன் கக்கற சீனுக்காகத்தான்னு எனக்கும் தெரியும். ஆனா வாசிக்க ஆரம்பிச்சதும் அவங்களுக்கு மீன் மறந்து போச்சு, ஏன்னா மூணாவது நாலாவது அதிகாரம்தான் அதவிட வேடிக்கை. ஒரு தீர்க்கதரிசி நினிவேங்கற ஊருக்குள்ள போய் இன்னும் 40 நாள்ல இது கவிழ்ந்துடும்னு ஒரே ஒரு வரி பிரசங்கம் பண்றார், மொத்த ஊரும் மனந்திரும்பிடுது. எந்தப் பிரசங்கியாருக்கும் கிடைக்காத ரிசல்ட். அதுக்கு அவர் கோவிச்சுக்கறார்! நீர் இரக்கம் காட்டுவீர்னு எனக்கு அப்பவே தெரியும், அதான் ஓடிப் போனேன்னு கர்த்தர்கிட்டயே சண்டை. ஊர விட்டு வெளிய போய் உக்காந்து என்ன நடக்குதுன்னு வேடிக்கை பார்க்கறார், ஒரு ஆமணக்குச் செடி வந்தா சந்தோஷம், பூச்சி அரிச்சு அது காய்ஞ்சா செத்துப் போறேன்னு புலம்பல். புஸ்தகமே ஒரு கேள்வியோட நின்னுடுது, வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் தெரியாத 1,20,000 பேருக்கு மேல இருக்காங்க, மிருகஜீவனும் நிறைய இருக்கு, நான் பரிதபிக்காம இருப்பேனான்னு. யோனா என்ன பதில் சொன்னாருன்னு எழுதல. எங்க ஸ்கிட்டும் அங்கயே நிக்கும், யோனா வாயத் திறப்பான், லைட் ஆஃப். பதில எழுதிச் சேர்க்கச் சொல்லி யாரும் கேக்காதீங்க.

கடைசியா ஒரு நடைமுறை விஷயம். நினிவே ராஜா போட்ட கட்டளையில மனுஷர் மட்டுமில்ல, மிருகங்களும் சாப்பிடக் கூடாது, மிருகங்களும் இரட்டு, அதாவது சாக்குத்துணி, உடுத்தணும்னு இருக்கு, அதிகாரம் 3, வசனம் 7, 8. அந்த சீனுக்கு சாக்குப் போர்த்திட்டு, பசியோட, முகத்துல துளி சிரிப்பில்லாம பயபக்தியா நிக்க ரெண்டு மாடு வேணும். பசங்க யாராலயும் சிரிக்காம நிக்க முடியல, பெரியவங்களக் கேட்டுப் பாருங்க டீச்சர்னு அவங்களேதான் சொன்னாங்க. கமிட்டியில இருந்து ரெண்டு பேர் பேர் குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும். வசனம் எதுவும் இல்ல, சாக்கு நாங்க கொண்டு வந்துடறோம், ஒத்திகை சனிக்கிழமை சாயங்காலம், கொயர் பிராக்டிஸ் முடிஞ்சதும் ஹால்ல.

இப்படிக்கு,
ஆறாவது முதல் எட்டாவது வரைக்கும் உள்ள கிளாஸ் டீச்சர்